கியர்பெட்டிக்கு வந்த காய்ச்சல்



சுங்கை வே என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது கூட்டரசு நெடுஞ்சாலையும், 1972-இல் அங்கே அமைந்த சுதந்திர வர்த்தக வட்டாரத்தின் தொழிற்சாலைகளும்தான். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அவற்றைப் பற்றியன்று. அந்தச் சாலை நெரிசலில் நின்றுபோன ஒரு பிக்கப் வண்டியைப் பற்றியும், அது நமக்குக் காட்டிக்கொடுத்த ஓர் இயந்திர வரலாற்றைப் பற்றியும் பேசுவோம்.

சென்ற ஆண்டு நம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நாற்காலி ஏற்றி வந்த வண்டி அது. ஓட்டி வந்தவர் நம் பழைய மாணவர். தோட்ட வேலை முடிந்துபோன குடும்பம். தவணைக்கு வாங்கிய பழைய பிக்கப்பில் காய்கறியும் கூடாரச் சாமானும் ஏற்றிப் பிழைக்கிறார். நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுபோகும்போது நாமும் உடன் இருந்தோம். சுங்கை வே அருகே வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, கியர்பெட்டி எண்ணெய் சூடேறிவிட்டது என்று விளக்கு எரிந்தது. இழுத்துச் சென்ற பட்டறையில், பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். சொன்ன தொகையோ வண்டி விலையில் பாதியைத் தாண்டியது. தம்பியின் முகத்தைப் பார்க்க நமக்கு மனமில்லை.

தானே கியர் மாற்றும் இந்தப் பெட்டிக்கு ஏன் காய்ச்சல் வருகிறது? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் முடுக்கினால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் விளங்கிவிடும். எஞ்சின் சுழற்றும் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. அந்த வீச்சில் எதிர்ச் சக்கரம் சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. இடையில் நழுவல் உண்டு. நழுவலில் இழக்கும் ஆற்றல் அத்தனையும் சூடாக மாறி எண்ணெயில் தங்குகிறது. பாரம் ஏற்றி மெதுவாக ஊரும்போதும் மேடேறும்போதும் நழுவல் மிகுதி.

இதை முதலில் எண்ணியவர் கார்க்காரர் அல்லர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் கப்பலுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை, மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பது அவர் கவலை. கப்பலைச் சுற்றிக் கடல்நீர் இருக்கிறது. சூட்டைத் தணிக்கச் சிரமம் இல்லை. அதே ஏற்பாடு நிலத்துக்கு வந்தபோதுதான் தொல்லை தொடங்கிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஏர்ல் தாம்சன் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் உருவாக்கிய ஹைட்ராமேட்டிக், 1939-இல் அறிவிக்கப்பட்டு 1940 மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. அடுத்து மூண்ட போரில் அதே பெட்டி எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளில் ஏறியது. 1948-இல் பியூக் கொண்டுவந்த டைனாஃப்ளோ மெத்தென்று ஓடும். ஆனால் நழுவலுக்குப் பேர்போனது. அதற்கு மறுமொழி போல, பேக்கார்ட் நிறுவனம் 1949-இல் வேகம் கூடியதும் இரு சக்கரங்களையும் பூட்டிவிடும் கிளட்சைச் சேர்த்தது. பூட்டிவிட்டால் நழுவல் இல்லை, சூடும் இல்லை. இத்தனை நல்ல ஏற்பாடு பிறகு பல ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் மிச்சம் பிடிக்கவேண்டி வந்தபோதுதான் அது மீண்டும் பரவலாயிற்று.

எண்ணெயின் கதை இன்னும் விந்தையானது. தொடக்க காலக் கியர்பெட்டி எண்ணெயில் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது. தட்டுகள் பற்றிக்கொள்ளும் பக்குவத்தை அதுதான் தந்தது. 1970-களின் தொடக்கத்தில் திமிங்கிலங்களைக் காக்க அமெரிக்கா தடை விதித்ததும் வேறு சேர்மானங்களைத் தேடினார்கள். புதிதாக வந்த ஒரு கலவை, எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்களின் பற்றவைப்பையே அரித்தது! பிறகு அதையும் திருத்தினார்கள்.

நம் நாட்டுக்கு இவையெல்லாம் தாமதமாகவே வந்தன. 1967-இல் ஷா ஆலாமில் வோல்வோ கார்களைப் பூட்டத் தொடங்கினார்கள். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. அப்போது நம் தந்தையர் பழகியதெல்லாம் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றும் வண்டிதான். அதனால்தானோ என்னவோ, தானியங்கிப் பெட்டி என்றாலே ‘கெட்டால் தூக்கிப் போடு’ என்னும் பேச்சு நம்மிடையே நிலைத்துவிட்டது.

நம் மாணவரின் வண்டியை, கிள்ளானில் நெடுநாள் பட்டறை வைத்திருந்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். “அவசரப்படாதீங்க வாத்தியாரே, முதல்ல நாடி பிடிப்போம்” என்றார் அவர். எஞ்சினை ஓடவிட்டபடி அளவுக்குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எண்ணெய் அளவு சரி. நிறம் சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது. தீய்ந்த வாடை இல்லை. வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தார். இரும்புப் பொடி மின்னவில்லை. ஆகவே உள்ளே தட்டுகள் கருகவில்லை. பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும் என்றார். அதுவும் இல்லை.

அடுத்து, தொடாமலே வெப்பம் காட்டும் கருவியை எடுத்தார். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி வாசலில் நாம் மாணவர் நெற்றிக்கு நேரே பிடித்தோமே, அதற்கு உறவுதான். இந்தப் பெட்டி எண்ணெய் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு; 120-ஐத் தாண்டினால் விரைந்து கெடும். எண்ணெய் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் ஒரு குழாயில் போய், சூடு தணிந்து, மற்றொரு குழாயில் திரும்பவேண்டும். திரும்பும் குழாய் ஆறிக் கிடந்தால் ஓட்டம் அடைபட்டது என்று பொருள். இங்கே போகும் குழாயும் திரும்பும் குழாயும் ஏறக்குறைய ஒரே சூடு. எண்ணெய் ஓடுகிறது, ஆனால் சூட்டை இறக்கிவைக்க இடமில்லை.

பெரியவர் முன்பக்கத்தைக் கழற்றினார். குளிர்சாதனத்தின் தட்டுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், லாலாங் பஞ்சும் செம்மண் தூசியும் மெத்தைபோல அடைந்து கிடந்தன. எல்லாம் நம் தோட்டத்துச் சாலை தந்தவை. வேகமாக ஓடும்போது எப்படியோ நுழைந்துவிடும் காற்று, நெரிசலில் நின்றபோது நுழையவே இல்லை.

மென்மையாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, எண்ணெய்க்கென்று சிறிய குளிர்விப்பான் ஒன்றையும் முன்னால் பொருத்தினார். பிறகு சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார். “வேகத்த விடாம பிரேக்க லேசா தொடு தம்பி” என்றார். தொட்டதும் எஞ்சின் சுற்று முள் சற்றே ஏறிற்று. பூட்டும் கிளட்ச் அதுவரை பிடித்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. முள் அசையாமல் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

செலவு, முன்னே கேட்ட தொகையில் சிறு பகுதியே ஆயிற்று. இரண்டு வாரம் கழித்து, கூடாரச் சாமான் ஏற்றிக்கொண்டு கெந்திங் செம்பா மேடேறி பெந்தோங் போய்ச் சேர்ந்தவுடன் தம்பி நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “சார், விளக்கு எரியல” என்றார்.