மாலுமிகளின் நோயும் நெல்லிக்கனியும்

நெடுந்தூரக் கடற்பயணங்கள் தொடங்கிய காலத்தில் மாலுமிகளைப் பெருமளவில் மாய்த்தது ஸ்கர்வி என்னும் நோயாகும். ஈறு வீங்கி உதிரம் கசியும், பற்கள் ஆடும், ஆறிய புண்ணும் மீண்டும் வாய் திறக்கும். உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே மாதக்கணக்கில் அவர்கள் உண்டவை.

1747-ஆம் ஆண்டில், ‘சாலிஸ்பரி’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்டு, நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்தார். உணவு அனைவருக்கும் ஒன்றே. மருந்து மட்டும் வெவ்வேறு. இருவருக்கு வினிகர், இருவருக்குக் கடல்நீர் என அளித்தவர், வேறிருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தார். ஆறு நாட்களில் பழம் தீர்ந்துபோயிற்று. அதற்குள்ளாகவே அவ்விருவருள் ஒருவர் பணிக்குத் திரும்பும் நிலை எய்தினார். ஆயினும், எலுமிச்சைச் சாறு வழங்கக் கடற்படை இசைந்தது 1795-இல்தான். இடைப்பட்ட 48 ஆண்டுகளில் இந்நோயால் மாண்ட மாலுமிகள், தீர்வு தெரிந்திருந்தும் மாண்டவர்கள் ஆவர்.

கனியிலிருந்த பொருள் யாது? ஹங்கேரி நாட்டு அறிஞர் ஸென்ட் ஜியார்ஜி 1928-இல் ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே ‘ஸி’ ஜீவசத்து என்பது 1932-இல் புலனாயிற்று. தம் ஊராகிய ஸெகெட் நகரின் சிவப்பு மிளகாயிலிருந்து அதனை அவர் மிகுதியாகப் பெற்றார்; 1937-இல் நோபெல் பரிசும் பெற்றார். நம் நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. அன்று பஞ்சாபிலும் இன்று ஹரியானாவிலும் அடங்கிய ஹிஸ்ஸார் வட்டாரத்தில், 1930-களின் இறுதியில் நேர்ந்த பஞ்சத்தின்போது, ஸ்கர்வி கண்டோருக்கு நெல்லிக்காய் அளித்துக் குணம் கண்டனர்.

நாம் உண்ணும் உணவு பிராணவாயுவுடன் கூடி உடலில் ஆற்றலாகிறது. அவ்வேளையில், அண்டையிலுள்ளவற்றிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும் துகள்களும் தோன்றுகின்றன. ‘ஸி’ ஜீவசத்து தன் எலெக்ட்ரானை ஈந்து அவற்றை அடக்குகிறது. 1922-இல் கண்டறியப்பட்ட ‘ஈ’ ஜீவசத்து, உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பைக் காக்கிறது.

இவை நல்லனவாயின், மாத்திரையாக மிகுதியாய் உண்பது மேலும் நன்றன்றோ எனப் பலர் கருதினர். கேரட்டுக்கு நிறந்தரும் பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு சோதித்தனர். 1994-இல் வெளிவந்த முடிவு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. அம்மாத்திரை உண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக, 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் நிகழ்ந்த மற்றொரு சோதனையும் இத்தகைய தீங்கு கண்டு 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே, புகைபிடிப்போர் இம்மாத்திரையைக் காப்பாகக் கொள்ளலாகாது. குறைபாடு உள்ளோர் மருத்துவர் சொற்படி உண்பது வேறு.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு நற்கனிகள் அரியன அல்ல. நம் கொய்யா வடக்கே ‘அம்ரூத்’, வங்கத்தில் ‘பேயாரா’, மராட்டியத்தில் ‘பேரு’. நெல்லியோ ‘ஆம்லா’ என்னும் பெயரில் குளிர்காலக் கடைகளில் குவிகின்றது. லிண்டு கண்ட மருந்து இன்று நம் தெருவிலேயே விலைக்குக் கிடைக்கின்றது. அதனை நாள்தோறும் உணவில் சேர்த்துக்கொள்வது நம் பொறுப்பேயாகும்.