வளரி எறிந்த கை

டார்ட்ஸ் எறியும்போது குறி தவறாம இருக்க என்ன செய்யணும்னு அபிராமபுரத்துல இருக்கிற என் தங்கச்சி மகன் போன்ல கேட்டான். அவன் நிக்கிற கோட்டுக்கும் பலகைக்கும் 2.37 மீட்டர்தான். நம்ம பக்கத்து ஆளுங்க நூறு கஜத்துக்குக் குறி பார்த்த கதை அவனுக்குத் தெரியல. உங்கள்லயும் பலருக்குத் தெரியாம இருக்கலாம்.

வளரின்னு ஒரு ஆயுதம். சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைச் சீமையில மறவர், கள்ளர் கையில இருந்தது. பிறை மாதிரி வளைஞ்சிருக்கும். வைரம் பாய்ந்த மரத்துல செய்வாங்க, இரும்புலயும் உண்டு. ஒரு முனை கனம், மறுமுனை லேசு. லேசான முனையைப் பிடிச்சு, தோளுக்கு மேல சில சுத்து சுத்தி, வேகம் ஏறினதும் விடணும். எறிஞ்சா கைக்கே திரும்பி வருமான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. முயல் காலுல பட்டுட்டா அது எதுக்குத் திரும்பி வரணும்?

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1795-ல் மதுரைப் பக்கம் இருந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலாகக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று, 1830-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கார். தேர்ந்த கையில் நூறு கஜத்துக்குள் எங்கே எறிந்தாலும் தப்பாதாம். ஆறு வருஷம் கழிச்சு அதே வெல்ஷ், மருது சகோதரர்களை எதிர்த்து வந்த படையில் இருந்தார். காலில் அடிபட்டு, கைதியாகக் கிடந்த தன் வாத்தியாரைப் பார்த்ததையும் வருத்தத்தோட எழுதுறார். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூர்க் கோட்டையில் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் தூக்கில் போட்டாங்க.

அதோட நிக்கல. பாளையத்து ஜனங்க கையில ஆயுதமே இருக்கக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு போட்டுது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் புத்தகம் எழுதினப்போ, தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்தன. அதுல ரெண்டு தந்தத்தில் செஞ்சவை. பொருள் பத்திரமா இருக்கு. எறியிற கைதான் போச்சு. ஒரு தலைமுறை எறியாம விட்டா போதும், அடுத்தவனுக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது.

கவண் மட்டும் தப்பிச்சுது. காட்டுல கிளி ஓட்டுறதை யாரு ஆயுதம்னு நினைப்பாங்க? மருமகனுக்கு நான் சொன்னதும் கவண்ல பழகினதுதான். கல்லெல்லாம் ஒரே எடையில பொறுக்கணும், இல்லேன்னா கைக்குக் கணக்குப் பிடிபடாது. கண்ணு கவண்ல இருக்கக் கூடாது, கிளி மேல இருக்கணும். மிச்சமெல்லாம் விடுற நேரம். வலக்கைக்காரன் தலைக்கு மேல சுத்தி, முந்தி விட்டா கல் வலப்பக்கம் போகும், பிந்தினா இடப்பக்கம். டார்ட்ஸ்ல கை மேலிருந்து கீழ வர்றதால, முந்தினா மேல ஏறும், பிந்தினா கீழ இறங்கும். அதனால தவறினது எந்தப் பக்கம் கூடுதுன்னு பத்து தடவை எறிஞ்சு பாருடான்னேன். பத்தும் நாலா பக்கமும் சிதறினா, தோளும் முழங்கையும் ஆடுதுன்னு அர்த்தம். முதல்ல அதை நிறுத்தணும்.

இப்போ எங்க ஊர்ல சோளக்காட்டுக் கிளிக்குப் பாதிப் பேர் பட்டாசு வெடிக்கிறாங்க.