பழைய லாரி வாங்கும் விவசாயிகள் கவனத்துக்கு: டைமிங் செயினா, டைமிங் கியரா?

திருவள்ளூர், மணவாள நகர் சுற்றுவட்டாரத்தில் நெல், கரும்பு, காய்கறி ஏற்ற விவசாயிகள் சிலர் சேர்ந்து பழைய லாரி அல்லது வேன் வாங்குவது உண்டு. டயர், பாடி, எஃப்.சி. ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் என்ஜினின் முன்பக்க மூடிக்குள் இருக்கும் டைமிங் அமைப்பைக் கேட்பதில்லை. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைவைக்கு அனுப்பினால்தான் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையாது. திருவாலங்காடு ஆலைக்குப் போகும் வழியில் வண்டி நின்றால் ரிப்பேர் செலவோடு இந்த இழப்பும் சேரும்.

டைமிங் என்றால் என்ன?

கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் 1 சுற்று சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். டீசல் பம்பும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. இவற்றைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைப்பது செயின் அல்லது பல்சக்கரம். இணைப்பு அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். சில சமயம் பிஸ்டனும் உடையும்.

எந்த வண்டியில் எது?

• 1954-இல் டாடா–மெர்சிடிஸ் கூட்டில் தொடங்கிய லாரி வரிசையில் வந்த 6 சிலிண்டர் 697 என்ஜினும், டாடா 407-இல் வந்த 4 சிலிண்டர் 497 என்ஜினும் கியர் வகை.
• 1980-களில் அசோக் லேலண்டுக்கு வந்த ஹினோ வகை என்ஜின்களும் கியர்தான். டிராக்டர்களிலும் பெரும்பாலும் கியரே.
• 1950-களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் பி6 என்ஜினில் மூன்று வரிசைச் செயின் இருந்தது. டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் இது ஓடியது.
• டெம்போ டிராவலர், டிராக்ஸ் வண்டிகளில் வந்த மெர்சிடிஸ் ஓஎம் 616 வகை என்ஜினில் இரட்டை வரிசைச் செயின். இதில் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டின் மேலே இருப்பதால், அவ்வளவு தூரத்துக்குச் செயின்தான் வசதி.

கியரின் குணம்

கியர் தேய்ந்தாலும் டைமிங் அதிகம் மாறாது. பற்களுக்கு இடையே இடைவெளி மட்டும் கூடும். டீசல் பம்ப் விட்டுவிட்டுத் தரும் சுமையையும் நன்றாகத் தாங்கும். பாரம் ஏற்றும் லாரிக்கு இதுவே பொருத்தம். சத்தம் சற்று அதிகம். ஒரு பல் உடைந்தால் துண்டு மற்ற பற்களையும் கெடுக்கும். மாற்றும்போது ஒன்றோடொன்று சேரும் கியர்களை ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

செயினின் குணம்

சத்தம் குறைவு. ஆனால் பின்னும் புஷ்ஷும் தேயத் தேய செயின் நீண்டுகொண்டே போகும். அதனால் வால்வும் டீசலும் தாமதமாக வேலை செய்யும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், வெள்ளைப் புகை, இழுவைக் குறைவு, டீசல் செலவு ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றை நாசில் கோளாறு என்று எண்ணிச் செலவு செய்பவர்கள் உண்டு. இரண்டையும் சோதிப்பது நல்லது.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

1. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்த வண்டியில் குறை தெரியாது.
2. முன்பக்க மூடி அருகே கேளுங்கள். ஸ்டார்ட் செய்ததும் செயின் மூடியில் அடிப்பது போன்ற சலசலப்பு வந்தால் செயினோ டென்ஷனரோ தளர்ந்துள்ளது. கியர் என்ஜினில் ஐட்லிங்கில் கடகடப்பு வந்தால் இடைவெளி கூடியுள்ளது.
3. கியர் வகையில், மெக்கானிக் ராக்கர் மூடியைக் கழற்றி, கிராங்க் புல்லியைக் கையால் முன்னும் பின்னும் சிறிது அசைக்கட்டும். ராக்கர் அசையும் முன் புல்லி எவ்வளவு வெறுமனே சுற்றுகிறது என்பதே தேய்மானத்தின் அளவு.
4. செயின் வகையில் புல்லியைப் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. செயின் தளர்ந்து பல் தாண்டலாம். ஓடும் திசையிலேயே சுற்றி, கேம் ஷாஃப்ட் குறி நேராகும்போது கிராங்க் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.
5. ஆயில் வடிக்கும்போது உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடையில் ஐட்லர் கியர் உள்ள என்ஜினில், குறிகளைப் பொருத்திய பின் சில சுற்றுகள் சுற்றினால் அவை நேராக நிற்காது. பல சுற்றுக்குப் பிறகே மீண்டும் சேரும். அதைப் பார்த்து டைமிங் தவறு என்று மாற்றிவிடக் கூடாது.

பராமரிப்பு

இரண்டு வகைக்கும் உயிர் என்ஜின் ஆயில்தான். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை உரிய கிலோமீட்டரில், ஃபில்டரோடு மாற்றுங்கள். ஓஎம் 616-இல் டென்ஷனரே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஆயில் குறைந்தால் செயின் தளரும். செயின் மாற்றும்போது டென்ஷனர், கைடு, ஸ்பிராக்கெட் ஆகியவற்றையும் சோதித்து, தேய்ந்ததைச் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் விரைவில் கெடும்.

முடிவாக, கரும்பு, நெல் போன்ற கனபாரத்துக்குக் கியர் வகையைத் தேர்வு செய்யலாம். காய்கறி, பால் ஏற்றும் சிறு வண்டிக்குச் செயின் வகையும் போதும். ஆனால் செயின் மாற்றிய விவரம் இல்லையென்றால் அதன் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அறுவடை தொடங்கும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது.