தருமிக்கு எழுதிக் கொடுத்தவர்

சென்னீர்குப்பத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மற்றவர்கள் பெயரில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. "அப்போ உங்க பேர் எங்க வரும்?" என்று கேட்பவர்களுக்குத் தருமி கதையைத்தான் சொல்வேன்.

1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்து நாகேஷைப் பார்த்து எல்லாரும் சிரித்திருப்போம். கதை பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குக் காசில்லாத தருமிக்கு இறைவன் பாட்டெழுதித் தருகிறார். பரிசு ஆயிரம் பொன். நக்கீரர் குற்றம் சொன்னதும் தருமிக்கு வாயடைத்துப்போகிறது. எழுதியவரே சபைக்கு வரவேண்டியதாகிறது.

பாட்டு அந்தப் புராணத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது. குறுந்தொகையின் 2ஆம் பாடல். பாடியவர் பெயர் இறையனார். தருமி அங்கே இல்லை.

பூந்தமல்லியில் பத்திரம் எழுதுகிறவர் அதிலேயே தன் பெயரும் உரிம எண்ணும் போடுகிறார். பிழை வந்தால் ஆள் தெரியும். நான் எழுதிய ஓர் உரையில் ஆண்டு ஒன்று தப்பிப்போனது. மேடையில் திணறியவர் அதை வாசித்தவர். காசு வாங்கிய நான் வீட்டில் இருந்தேன்.

அதிலிருந்து எழுதிக் கொடுத்ததும், "நக்கீரர் என்ன கேட்பார்?" என்று எதிரே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்குத் தனிக் காசு இல்லை.