தந்தி மொழியும் கைப்பேசித் தமிழும்

இன்றைய இளைஞர் எழுதும் தமிழைப் பற்றி நம் சங்கத்துப் பெரியோர் வருந்திப் பேசாத கூட்டம் இல்லை. கைப்பேசியில் அவர்கள் எழுதுவது தமிழா ஆங்கிலமா என்று விளங்கவில்லை. சந்தி இல்லை, ஒற்று இல்லை. தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். அதிலும் பாதி எழுத்தை விழுங்கிவிடுகின்றனர் என்பன அவர்தம் குறைகள். இக்குறைகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், எழுத்தைச் சுருக்கும் வழக்கம் இத்தலைமுறையில்தான் பிறந்ததா? நம் முன்னோர் எவ்வாறு எழுதினர்? வரலாற்றின் துணைகொண்டு இவற்றைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலையும் கணக்கும்

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்தது. விதி அவ்வாறிருப்பினும், எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இட்டாரில்லை. கூர்முனை பட்டு ஓலை பொத்தலாகும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். நெடிலைக் காட்டும் காலுக்கும் ரகரத்திற்கும் ஓலையில் வேற்றுமை காண்பது அரிது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. நிறுத்தக் குறிகளும் இல்லை. எழுதியவன் விட்டதைப் படிப்பவன் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஏடுகளை ஆராய்ந்து பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்ற பெருமக்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு இவ்வாறு நிரப்பிக்கொள்வதில் பட்ட பாடே ஆகும்.

கணக்கர்களோ இன்னும் ஒருபடி மேலே சென்றனர். நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, ஆண்டிற்கு ௵, மேற்படிக்கு ௸ எனத் தனிக்குறிகளே வைத்திருந்தனர். பற்றுக்கும் வரவுக்கும் ரூபாய்க்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. முழுச் சொல்லையும் எழுதப் பொழுதில்லாத கணக்குப்பிள்ளை கண்ட வழி இது. இன்று இக்குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் நம்முள் எத்தனை பேர்? நம் பேரப்பிள்ளைகளின் குறிகள் நமக்கு விளங்கவில்லை என்று வருந்தும் நாம், நம் பாட்டனார் இட்ட குறிகளையும் படிக்க இயலாதவர்களாகவே இருக்கிறோம்.

அச்சு வந்தபின்

தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவது இன்று புகுந்த கேடு என்பார் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1554ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டின் லிசுபன் நகரில் அச்சான தமிழ்ச் சமய நூல், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்திலேயே தந்தது. தமிழ் எழுத்தை வார்க்க அங்கு அச்சு இல்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. கருவி கிடைத்தவுடன் தமிழ் தன் எழுத்துக்குத் திரும்பிற்று என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்னர் 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், குறில் எகர ஒகரங்களுக்கும் நெடில் ஏகார ஓகாரங்களுக்கும் வரிவடிவிலேயே வேற்றுமை செய்தார். அம்மாற்றம் இன்று நமக்கு மாற்றமாகவே தோன்றுவதில்லை. ஆதியிலிருந்தே அவ்வாறிருந்ததாக எண்ணுகிறோம். பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் குற்றமாகா என நன்னூலாரும் இடம் கொடுத்துள்ளார் அன்றோ?

கல்கத்தாவும் கம்பியும்

இனி நாம் வாழும் இந்நகருக்கு வருவோம். இந்தியாவில் தந்தி பிறந்த ஊர் கல்கத்தா. மருத்துவராக இங்கு வந்த வில்லியம் ஓஷாக்னசி என்பார் 1839இலேயே இந்நகரை அடுத்துச் சோதனைக் கம்பி அமைத்தார். கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்திற்கும் இடையே 1850இல் தொடங்கிய தந்திப் பாதை மறு ஆண்டில் பயனுக்கு வந்தது. அவருக்கு உறுதுணையாக நின்றவர் சிவசந்திர நந்தி என்னும் வங்காளத்தார்.

தந்திக்குக் கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டது. சொல் ஒவ்வொன்றும் காசு. ஆகவே எழுவாய் போயிற்று, வேற்றுமை உருபு போயிற்று, முற்றுப்புள்ளியும் போயிற்று. நம் சிறு வயதில், 1980களின் இறுதியில், ஏரிச் சந்தையை அடுத்த நம் வாடகை வீட்டிற்கு வந்த தந்தி ஒன்று இன்றும் நினைவில் நிற்கிறது. 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி' என்னும் நான்கே சொற்கள். யாருடைய தாய், என்ன நோய், யார் எழுதியது என்பன அதில் இல்லை. எந்தையார் அதில் இலக்கணம் தேடவில்லை. அன்றிரவே ஹௌராவில் சென்னை மெயில் ஏறினார். தமிழிலேயே செய்தி அனுப்ப விரும்பியோர் அதனை ரோமன் எழுத்தில்தான் எழுதித் தந்தனர். வாழ்த்துச் செய்திகளுக்கோ எண்களே போதும். தீபாவளிக்கு ஓர் எண், விஜயா வாழ்த்துக்கு ஓர் எண், திருமணத்திற்கு ஓர் எண். எண்ணைக் குறித்தால் வாழ்த்து முழுமையாகப் போய்ச் சேரும். மணமக்களுக்கு எண்ணால் வாழ்த்தனுப்பிய தலைமுறை, பிறந்தநாளுக்குப் பொம்மை முகம் அனுப்பும் தலைமுறையை எள்ளுவது எவ்வாறு பொருந்தும்?

இன்னுமொன்று. டல்ஹௌசி சதுக்கத்து வணிக நிறுவனங்களில் தமிழர் பெயர் பெற்றது எதனால்? தட்டச்சாலும் சுருக்கெழுத்தாலும் அன்றோ? ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையில் மெய்யொலிகளே கோடுகளாக நிற்கும். விரைந்து எழுதுங்கால் உயிரொலிக் குறிகள் பெரும்பாலும் விடப்படும். எந்தையாரும் அத்தொழிலால்தான் நம்மைப் படிக்க வைத்தார். உயிரெழுத்தை விட்டு எழுதியே உயிர் வளர்த்த மரபில் வந்த நாம், 'பிளீஸ்' என்னும் சொல்லை மூன்று மெய்யெழுத்தால் எழுதும் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். அலுவலகத்தில் கோப்பெழுதும் நாமும், பரிசீலனையில் உள்ள தாளைப் 'பி.யூ.சி.' என்று மூன்றே எழுத்தில் நாள்தோறும் முடித்து வருகிறோமே!

எழுத்துத் திருத்தம்

எழுத்து மாற்றத்தை எதிர்த்தும் ஆதரித்தும் நடந்த வாதங்கள் தமிழகத்திற்கே உரியன அல்ல. ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1855இல் வெளியிட்ட 'வர்ண பரிசயம்' என்னும் தொடக்க நூலில், வழக்கிறந்த எழுத்துகளை வங்க நெடுங்கணக்கினின்றும் நீக்கினார். 1935இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வங்கச் சொற்களின் எழுத்துமுறையை ஒழுங்கு செய்ய ராஜசேகர பாசு தலைமையில் குழு அமைத்தது. மறு ஆண்டில் விதிகள் வெளிவந்தன. ரகர ஒற்றை அடுத்து வரும் மெய்யை இரட்டிக்க வேண்டியதில்லை என்பது அவ்விதிகளுள் ஒன்று. அதே 1935இல் ஈரோட்டில் தந்தை பெரியார் தம் 'குடி அரசு' இதழில் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டார். கங்கைக் கரையிலும் காவிரிக் கரையிலும் ஒரே காலத்தில் ஒரே எண்ணம் எழுந்தது வியப்பன்றோ?

பெரியாரின் திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா முதலியனவும், துதிக்கை போல் மேலெழுந்து வளைந்த பழைய லை, ளை, ணை, னை ஆகியனவும் புதுவடிவு பெற்றன. நாம் பள்ளிக்குச் சென்றது அதன் பின்னர். எந்தையார் இறுதிவரை பழைய லையையே எழுதினார். நாம் புதிய லை எழுதினோம். ஒரே வீட்டில் இரண்டு லை இருந்தன. ஆயினும் அவர் எழுதியதை நாம் படித்தோம். நாம் எழுதியதை அவர் படித்தார்.

கைப்பேசி

தந்தியைப் போலவே கைப்பேசியும் இந்நகரில்தான் இந்திய மண்ணில் முதற்குரல் எழுப்பிற்று. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். கைப்பேசி வளர வளரத் தந்தி தளர்ந்தது. 2013 ஜூலை 15 முதல் நாட்டின் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது.

குறுஞ்செய்தியும் தந்தியைப் போல் கணக்குப் பார்த்தது. ஆங்கில எழுத்தாயின் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் எழுத்தாயின் 70தான். அந்த எழுபதிலும் புள்ளிக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம். 'வணக்கம்' என்னும் சொல் இலக்கணப்படி ஐந்தெழுத்து. கருவியின் கணக்கில் ஏழு. எல்லை மீறினால் இரண்டாம் செய்திக்குரிய கட்டணம். அன்றியும், அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழெழுத்து வெறுங் கட்டங்களாகவே தோன்றும். இந்நிலையில் இளைஞர் ரோமன் எழுத்தை நாடியது, 1554இல் லிசுபன் அச்சகத்தார் நாடியதற்கு ஒப்பானதே. அது கருவியின் குறை, மனத்தின் குறையன்று.

ஆனால் அக்கருவி இன்று மாறிவிட்டது. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. 1999இல் சென்னையில் கூடிய இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. இன்றைய கைப்பேசிகளில் தமிழெழுத்து இயல்பாகவே கிடைக்கிறது; எழுத்துக்குக் காசும் இல்லை. கொல்லத்தில் தமிழெழுத்து அச்சு அமைந்ததும் தமிழ் தன் எழுத்துக்குத் திரும்பிற்று என்று கண்டோம். இன்று ஏன் திரும்பவில்லை?

கால் வலியும் கால்வழியும்

விடை நம் இல்லத்திலேயே கிடைத்தது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் எம் அன்னையார் வாழ்கிறார். அவருக்குத் தமிழெழுத்து மட்டுமே தெரியும். பேத்தியின் பிறந்தநாளுக்குக் கைப்பேசியில் தட்டுத்தடுமாறித் தமிழில் நான்கு வரி எழுதி அனுப்பினார். பதினான்கு வயதான நம் மகளால் அதைப் படிக்க இயலவில்லை. அவள் தாய் படித்துக் காட்டினாள். மகிழ்ந்த குழந்தை, பாட்டியின் கால் வலி எவ்வாறிருக்கிறது என்று ரோமன் எழுத்தில் மறுமொழி அனுப்பினாள். அதனை அன்னையாரால் படிக்க இயலவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுவன் படித்துக் காட்டினான். ரோமன் எழுத்தில் லகரமும் ழகரமும் ஒன்றாகவே நிற்குமன்றோ? அவன் 'கால்வழி எப்படி இருக்கு' என்று படித்துவிட்டான். கால்வழி என்பது வமிசம். மறுநாள் தொலைபேசியில் அன்னையார் சிரித்துக்கொண்டே, "கால் வலி தேவலைப்பா, கால்வழியை நீ கவனிச்சுக்கோ" என்றார்.

சிரிப்போடு சொன்ன சொல் நம்மை உறுத்திற்று. பாட்டியும் பேத்தியும் ஒரே மொழியில் பேசுகின்றனர். ஆயினும் எழுத்தில் இருவருக்கும் இடையே இருபுறமும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது. எந்தையார்க்கும் நமக்கும் இடையே இரண்டு லை இருந்தன. இவர்களுக்கிடையே பொதுவான எழுத்து ஒன்றுகூட இல்லை. மகள் பள்ளியில் ஆங்கிலமும் வங்கமும் இந்தியும் கற்றாள். தமிழெழுத்தைக் கற்பிக்க வேண்டியவர் நாம், கற்பிக்கவில்லை. அலுவல் என்றோம், தேர்வு என்றோம், அடுத்த ஆண்டு என்றோம். கற்பிக்காதிருந்துவிட்டு அவள் எழுதும் தமிழில் பிழை கண்டோம்.

ஆகவே மூன்றினை வேறு பிரித்தறிய வேண்டும். சுருக்கி எழுதுவது பிழையன்று. ஓலை, தந்தி, சுருக்கெழுத்து எனக் காலந்தோறும் கருவிக்கேற்ப நிகழ்ந்தது அது. றகர ரகரம் மயங்குவது பிழை. ஆயினும் திருத்தினால் திருந்தும். எழுத்தையே அறியாதிருப்பது இவ்விரண்டினும் வேறானது. சுருக்கம் என்பது, முழுமையை அறிந்தவன் வேண்டும்போது செய்துகொள்வது. முழுமையை ஒருபோதும் அறியாதவனுக்கு அது சுருக்கமன்று, இழப்பு.

அன்பர்களே! பிறந்த மண்ணினின்றும் நெடுந்தொலைவில் வாழும் நமக்குச் சங்கமும் விழாவும் மலரும் இருக்கின்றன. இம்மலரைப் படிக்க அடுத்த தலைமுறை இருக்குமா என்பதே கேள்வி. பிள்ளைகளின் சுருக்கங்களை நகையாடுவதை விடுத்து, நாளுக்கு ஒருவரியேனும் அவர்களுக்குத் தமிழெழுத்தில் எழுதி அனுப்புவோம். நாமும் இப்போது அவ்வாறே செய்து வருகிறோம். சென்ற வாரம் மகளிடமிருந்து தமிழெழுத்தில் முதல் மறுமொழி வந்தது. 'வீட்டுக்கு எப்ப வறீங்க' என்று எழுதியிருந்தாள். வல்லின றகரம் அங்கு நிற்கக்கூடாதுதான். மாலையில் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணி, அதனை அன்னையாருக்கு அனுப்பி வைத்தோம். இம்முறை அவரே படித்தார்.