கிளாரிந்தா: நாடக மேடையிலிருந்து பாளையங்கோட்டைப் பதிவேட்டிற்கு

மாஹிமில் நான் தங்கியிருக்கும் கட்டடத்தில், பாளையங்கோட்டையில் பிறந்த ஆச்சி ஒருவர் வாழ்கிறார். பெயர்களைப் பற்றி ஆராய்கிறேன் என்று அறிந்ததும் அவர் கேட்டார்: “எங்க ஊர்ல பாப்பாத்தியம்மா கோயில்னு சொல்லுவோம். அந்த அம்மாவுக்கு வேற பேரே கெடையாதா?” இப்பதிவு அக்கேள்விக்கான விடையைத் தேடியதில் விளைந்தது.

ஆச்சி குறிப்பிட்டது கிளாரிந்தா ஆலயம். அதைக் கட்டுவித்தவர் மராட்டியப் பிராமண மரபில் பிறந்த ஒரு விதவை. உடன்கட்டையேற இருந்த அவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி காப்பாற்றினார் என்பது செவிவழி மரபு. அந்த அதிகாரியுடன் அவர் மணமின்றியே வாழ்ந்தார். தஞ்சையில் அவர் திருமுழுக்கு வேண்டியபோது, அவ்வுறவைக் காரணம் காட்டிச் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பின்னர், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் பல சாதிகளைச் சேர்ந்த 40 பேர் உள்ளனர், முதற்பெயர் கிளாரிந்தா. அவர் எழுப்பிய ஆலயம் 1785இல் சுவார்ட்ஸால் அர்ப்பணிக்கப்பட்டது.

இவ்வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். எனினும் அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அக்காலத்தில் மதம் மாறியோருக்குச் சாராள், மரியாள் என்பன போன்ற வேதாகமப் பெயர்களோ, சத்தியநாதன் போன்று சமயப்பொருள் தரும் பெயர்களோ வழங்கின. கிளாரிந்தா இவ்விரு வகையிலும் அடங்காது. வேதாகமத்தில் அப்பெயர் இல்லை. அதன் வீடு ஆங்கில இலக்கியம். அதிலும் குறிப்பாக நாடக மேடை.

ஒளி, தெளிவு எனப் பொருள்படும் ‘கிளாரா’ என்னும் இலத்தீன் அடியோடு ‘-இந்தா’ என்னும் ஈறு சேர்ந்து அமைந்த சொல் இது. பெலிந்தா, டொரிந்தா, லூசிந்தா, ஃபுளோரிந்தா ஆகியவை இதன் உடன்பிறப்புகள். இவற்றுள் பல, குழந்தைக்கு இடுவதற்கென்று தோன்றியவை அல்ல. கவிஞர்களும் நாடக ஆசிரியர்களும் பரப்பியவை. ஸ்பென்சரின் ‘ஃபேரி குவீன்’ காவியத்தின் ஐந்தாம் நூலில் (1596) கிளாரிந்தா ஒரு தோழி. ஷாட்வெல்லின் ‘தி வர்ச்சுவோசோ’ நாடகத்தில் (1676) அவள், அறிவியல் பித்துப் பிடித்த சீமான் ஒருவரின் மருமகள். 1712இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் அடிசன் வெளியிட்ட நாட்குறிப்பின் சொந்தக்காரியான நாகரிகச் சீமாட்டியும் கிளாரிந்தாதான். 1747இல் அரங்கேறி, காரிக்கின் நடிப்பால் பெரும்புகழ் பெற்ற ஹோட்லியின் ‘தி சஸ்பிஷஸ் ஹஸ்பண்ட்’ நாடகத்திலும் துடுக்கான கிளாரிந்தா ஒருத்தி வருகிறாள். லிட்டில்டன் தலைமுறையைச் சேர்ந்த படையதிகாரிகளின் காதில் இப்பெயர் இந்த ஓசையோடுதான் ஒலித்திருக்கும்.

இப்பெயர்களுக்கு மற்றொரு பயனும் இருந்தது; அவை முகமூடிகள். போப்பின் பெலிந்தாவுக்குப் பின்னால் அரபெல்லா ஃபெர்மோர் என்னும் உண்மைப் பெண் இருக்கிறார். 1787 டிசம்பரில் எடின்பரோவில் ராபர்ட் பர்ன்ஸ், கணவரைப் பிரிந்து வாழ்ந்த ஆக்னஸ் மக்லிஹோஸைச் சந்தித்தார். தொடர்ந்து எழுதிய கடிதங்களில் அவர் சில்வாண்டர், அப்பெண் கிளாரிந்தா. கிளாரிந்தா என்றவுடன் பலருக்கும் பர்ன்ஸே நினைவுக்கு வருவார். ஆயினும் பாளையங்கோட்டைத் திருமுழுக்கு அதற்கு ஒன்பது ஆண்டுகள் முற்பட்டது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இரண்டும் ஒரே பெயர்க் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அகத்திணை மாந்தரைச் சுட்டிப் பெயர் சொல்லலாகாது என்று விதித்தது தொல்காப்பியம். நம் கவிகள் பெயரை நீக்கி மறைத்தனர். ஆங்கிலக் கவிகள் பொய்ப்பெயர் சூட்டி மறைத்தனர்.

எனவே, இப்பெயரை இட்டவர் சுவார்ட்ஸ் அல்லர், லிட்டில்டனே என்று கருதுகிறேன். இதற்கு நேரடி ஆவணம் கிடையாது, ஊகமே. ஆனால் வலுவான ஊகம். சுவார்ட்ஸ், நாடகத்தை ஐயுறவோடு நோக்கிய ஹாலே பக்திநெறியில் பயின்றவர். அவர் தாமாகவே ஒரு மேடைப் பெயரைத் தேர்ந்து ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டு வந்திருப்பார் என எண்ண இயலவில்லை. எந்த உறவுக்காகத் திருமுழுக்கு மறுக்கப்பட்டதோ, அவ்வுறவில் பிறந்த பெயரே சபைப் பதிவேட்டின் முதல் வரியில் ஏறிவிட்டது.

சில நூல்கள் ‘குளோரிந்தா’ என்று எழுதுகின்றன. அது இத்தாலியக் கவி டாசோவின் காவிய வீராங்கனையின் பெயர். காதலன் கையாலேயே வெட்டுண்டு, அவன் கையாலேயே திருமுழுக்கும் பெற்று இறப்பவள் அவள். இந்தப் பொருத்தம் ஆய்வாளரை எளிதில் மயக்கக்கூடியது. ஆயினும் பதிவேட்டுப் பெயர் கிளாரிந்தாவே. ஒலியளவில் எனக்குச் சுவையானது வேறொன்று. ஆங்கில டகரம் தமிழில் பெரும்பாலும் நாவளை ஒலியாகவே வரும். ‘லண்டன்’ என்றே எழுதுகிறோம். இங்கோ ‘கிளாரிண்டா’ நிலைபெறவில்லை. வசந்தா, சாந்தா ஆகியோரின் வரிசையில் கிளாரிந்தாவையும் தமிழ்நா அமர்த்திக்கொண்டது.

1915இல் அ. மாதவையா ‘கிளாரிந்தா’ என்னும் தலைப்பில் ஒரு வரலாற்று நாவலை வெளியிட்டார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அவர், இதனை ஆங்கிலத்தில் எழுதினார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, விதவையர் நிலைகுறித்துத் தம் எழுத்தில் தொடர்ந்து பேசிய ஒருவர் இப்பெண்ணைத் தேர்ந்ததில் வியப்பில்லை. ஆங்கில நாடகங்களிலிருந்து புறப்பட்ட பெயர், திருமுழுக்கிலிருந்து கணக்கிட்டால் 137 ஆண்டுகள் கழித்து, நெல்லைச் சீமையில் பிறந்த எழுத்தாளர் ஒருவரின் கையால் ஆங்கில இலக்கியத்துக்குத் திரும்பியது. இம்முறை அது துடுக்கான மருமகளும் அன்று, நாகரிகச் சீமாட்டியும் அன்று. ஒரு சபையை நிறுவிய பெண்ணின் பெயர்.

திருச்சபை மரபு அவருடைய இயற்பெயரைக் கோகிலா என்று கூறுகிறது. ஊர் வழக்கோ பாப்பாத்தியம்மாள் என்கிறது. சாதியை விட்டு வெளியேறியவரை அச்சாதியின் பெயராலேயே ஊர் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அழைத்து வருவது, அன்பினால் என்றாலும், எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஆச்சியிடம் சொன்னேன். “அப்போ தொரை வச்ச பேரா?” என்றார். இருக்கலாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “கீழ்வீட்டுக்காரங்க பேசுதாங்களே, அந்த மராத்தியா அவங்க வீட்டுப் பேச்சு?” என்று கேட்டார். அதன் தஞ்சாவூர் வடிவம் என்று விடை கூறினேன்.