தகைவிலான் குருவி எங்கே போயிற்று?

ஒரு செய்தியைச் சொன்னவர் பேரறிஞர் என்பதனாலேயே அச்செய்தி உண்மையாகிவிடுமா? இக்கேள்விக்கு விடை பகர, இருபது கிராம் எடையுள்ள தகைவிலான் குருவியின் வரலாறே போதும். கருநீல முதுகும் பிளவுபட்ட வாலும் உடைய இக்குருவிகள், ஆண்டின் பிற்பகுதியில் நமது பட்டணங்களின் மின்கம்பிகளில் வரிசையாக வந்து அமர்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

ஐரோப்பாவிலே இது வேனிற்காலப் பறவை. அங்கே வேனில் முடியும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இவை ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, மாலைதோறும் நீர்நிலைகளின் ஓரத்து நாணற்புதர்களில் இறங்கி உறங்கும். பின்னர் ஒருநாள் பார்த்தால் ஒன்றும் இராது. நாணலுக்குள் இறங்கக் கண்ட மக்கள், அவை நீருக்குள்ளேயே மூழ்கிக் குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன என்று முடிவு கட்டினார்கள்.

இம்முடிவுக்குப் பெரியோர்களின் ஆதரவும் கிடைத்தது. சில தகைவிலான்கள் இறகுதிர்ந்து பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என்று கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். மீனவர் வலையில் மீன்களோடு குருவிகளும் ஏறி வருவதை, 1555-இல் சுவீடன் நாட்டுப் பேராயர் ஒலாஸ் மாக்னஸ் படமே போட்டு வெளியிட்டார். உயிரினங்களுக்கு முறையாகப் பெயர் வகுத்த லின்னேயஸும் இதனை நம்பினார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்லினில் வாழ்ந்த பிரிஷ் என்பார் ஓர் எளிய சோதனை செய்தார். நீரில் கரையும் சாயம் தோய்த்த நூலைக் குருவிகளின் காலில் கட்டி விட்டார். மறு ஆண்டு அவை திரும்பியபோது சாயம் வெளிறாமல் இருந்தது. நீரடியில் கிடந்திருந்தால் சாயம் எப்படித் தங்கும்? ஆயினும் பழைய நம்பிக்கை அழியவில்லை.

இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் பாதிரியார், தகைவிலான்கள் எந்நாளில் வந்தன, எந்நாளில் மறைந்தன என்று, நாம் செக்ரோல் எழுதுவது போல ஆண்டுக்கணக்காகக் குறித்து வந்தவர். அவை ஜிப்ரால்ட்டரில் கடல் கடப்பதைக் கண்டு அவருடைய தம்பி எழுதியும், சில ஊரிலேயே ஒளிந்திருக்குமோ என்ற ஐயம் அவரை விடவில்லை. ஆட்களை ஏவிப் புதர்களிலும் பொந்துகளிலும் தேடச் செய்தார், ஒன்றும் அகப்படவில்லை. அதனையும் மறைக்காமல் 1789-இல் வெளிவந்த தமது நூலில் எழுதிய நேர்மையே அவருக்குப் பெருமையாகும்.

1899-இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்னும் பள்ளியாசிரியர், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலில் மாட்டத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1909-இல் விதர்பி அத்தகைய முயற்சியைத் தொடங்கிவைத்தார். 1911 மே 6-ஆம் நாள், ஸ்டாபோர்ட்ஷயரில் மேஸ்பீல்டு என்பவர், தம் வீட்டு முகப்பில் கூடு கட்டிய தகைவிலானுக்கு வளையம் மாட்டினார். 1912 டிசம்பர் 23-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டில் அதே குருவி பிடிபட்டது. வளையத்திலிருந்த லண்டன் முகவரிக்குக் கடிதம் சென்றது. ஈராயிரம் ஆண்டு வழக்கு அக்கடிதத்தால் தீர்ந்தது!

அந்த நேட்டால், 1860 முதல் நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத் தொழிலாளராக உழைக்கச் சென்ற மண்ணாகும். அங்கே டர்பன் நகருக்கு அருகே, கரும்பு வயல்களிடையே உள்ள மவுண்ட் மோர்லண்ட் நாணற்காட்டில் லட்சக்கணக்கான தகைவிலான்கள் தங்கி வந்தன. 2010-இல் பக்கத்தில் விமான நிலையம் திறந்தபோது, அவற்றின் போக்குவரவை அறிய ரேடார் கருவி வைத்தார்கள். பறவை போகுமிடம் தெரிந்த பின்னரன்றோ அதனைக் காக்கும் வழியும் தெரிகிறது!

நம் நாட்டிற்கு வருபவை வடகிழக்கு ஆசியாவிலிருந்து வரும் கூட்டங்கள். 1963 முதல் 1971 வரை மெக்லூர் என்னும் அமெரிக்க அறிஞரின் தலைமையில், மலேசியா உட்படக் கீழ்த்திசை நாடுகளில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள்.

அன்பர்களே! பேரறிஞர்கள் தவறிய இடத்தில், ஒரு பள்ளியாசிரியரும் ஊர்க்காரர் ஒருவரும் ஒரு பண்ணை வீட்டாரும் சேர்ந்து உண்மையை நிலைநாட்டினார்கள். இவ்வாண்டு முதல் தகைவிலான் நம் ஊர்க் கம்பியில் அமரும் நாளை, தோட்டத்திலுள்ள படித்த இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பார்களாக. அடுத்த ஆண்டும் எழுதட்டும். கேட்டதை நம்புவதைவிடக் கண்டதைக் குறிப்பது மேல் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதனினும் எளிய பாடம் இல்லை.